சுவரில் ஏறிய தேனெறும்பு

தேனெறும்பு என்று ஓர் எறும்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள பாலைவனத்தில், முல்கா மரங்களின் அடியில், மண்ணுக்குள் புற்று வைத்து வாழ்கிறது. அந்தக் கூட்டத்தில் சில எறும்புகளுக்கு ஒரே வேலைதான். மற்ற எறும்புகள் கொண்டுவந்து ஊட்டும் இனிப்பு நீரை வயிற்றில் சேர்த்து வைக்க வேண்டும்! வயிறு சின்னத் திராட்சைப் பழம்போல் உப்பிவிடும். நடக்க முடியாது. புற்றின் கூரையைப் பற்றித் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்கள் மண்ணை ஆழமாகத் தோண்டி அவற்றை எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் மிட்டாய்.

ஆனால் பப்புன்யா என்னும் ஊராருக்குத் தேனெறும்பு தின்பண்டம் மட்டும் அல்ல. அது அவர்களுடைய மூதாதை! உலகம் உருவான காலத்தில் தேனெறும்பு முன்னோர்கள் அந்த மண்ணில் நடந்தார்கள் என்றும், அங்குள்ள குன்றும் நிலமும் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் என்றும் அவர்கள் நம்புகிறார்கள்.

பூர்வகுடி மக்களிடையே இப்படி ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஒருவருக்குக் கங்காரு. ஒருவருக்கு ஈமு. இன்னொருவருக்கு உடும்பு. உறவு என்றால் பாசம் மட்டுமா? கடமையும் உண்டு. அதன் கதையை மறக்கக் கூடாது. அது வாழும் நிலத்தைக் காக்க வேண்டும்.

ஆகவே, அந்த மக்களின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து உடும்பை வரைந்தால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பது தவறு. தான் யார், தன் மண் எது, தன் உறவு யார் என்று அந்தப் பிள்ளை எழுதுகிறது. அது அதன் அரிச்சுவடி.

மணலே சிலேட்டு

எழுத்து இல்லாத மக்கள் என்று வெள்ளையர்கள் இவர்களைச் சொன்னார்கள். ஆனால் பாட்டி கதை சொல்லும்போது அவள் விரல் மணலில் ஓடும். வட்டத்துக்குள் வட்டம் போட்டால் நீர்நிலை அல்லது தங்கும் இடம். குதிரை லாடம்போல் ஒரு வளைவு போட்டால் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். மூன்று விரல் தடம் போட்டால் ஈமு வந்து போயிற்று! குழந்தைகள் இதைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் வந்தபோது இந்தச் சிலேட்டு வெளியே நின்றுவிட்டது.

பப்புன்யா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே அரசாங்கம் அமைத்த குடியிருப்பு. பல குலத்தாரை அங்கே கொண்டுவந்து குடியேற்றியிருந்தார்கள். 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு வந்தார். வகுப்பில் பிள்ளைகள் சினிமாவில் வரும் குதிரை வீரர்களை வரைந்தார்கள். வெளியே போனால் மணலில் தங்கள் குறிகளை வரைந்தார்கள்! அதையே வகுப்பிலும் வரையுங்கள் என்றார் ஆசிரியர்.

செய்தி பெரியவர்களுக்கு எட்டியது. காபா ஜாம்பிஜின்பா என்பவர் முன்னின்றார். பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையைத் தீட்டினார்கள். முதலில் வெள்ளையர் படங்களில் வருவதுபோன்ற எறும்பு சுவரில் ஏறியது. இது உங்கள் எறும்புதானா என்று ஆசிரியர் கேட்டார். அவர்கள் யோசித்தார்கள். அதை அழித்தார்கள். தங்கள் வழக்கப்படியே மீண்டும் வரைந்தார்கள்.

அந்தச் சுவரிலிருந்து ஒரு பெரிய கலை இயக்கம் பிறந்தது. 1972இல் ஓவியர்கள் தங்களுக்கென்று 'பப்புன்யா துலா' என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். அவர்களுடைய ஓவியங்கள் உலகமெங்கும் போயின. ஆனால் சுவர் என்ன ஆயிற்று? 1974இல் அதன்மேல் வேறு வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்!

பிரிக்கப்பட்ட பிள்ளைகள்

இதற்கு முன்பே இன்னொரு பள்ளியில் இப்படி நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் காரலப் என்னும் இடத்தில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட நூங்கார் குலப் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். 1946இல் நோயல் ஒயிட் என்பவர் தலைமையாசிரியராக வந்தார். பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். பார்த்ததை வரையச் சொன்னார். மாலை வெயிலில் நிற்கும் மரங்களையும், தாவி ஓடும் கங்காருவையும் அவர்கள் தீட்டினார்கள்.

அந்தப் படங்கள் கடல் கடந்தன. அமெரிக்காவில் உள்ள கோல்கேட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கிடந்தன. 2004இல் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்கு, நூங்கார் மண்ணுக்கே, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் திரும்பின. தாயைப் பிரித்தவர்களால் காட்டை மறக்கச் செய்ய முடியவில்லை!

பிள்ளைகளைப் பிரித்த கொடுமைக்காக 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நல்லது. ஆனால் மன்னிப்பு பள்ளிக்கூடத்தின் வாசலிலும் நுழைய வேண்டாமா?

படிப்பு கெடுமா?

எறும்பையும் உடும்பையும் வரைந்துகொண்டிருந்தால் ஆங்கிலமும் கணக்கும் எப்போது படிப்பது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலைக்குப் போகவும், அரசாங்கத்தோடு பேசவும் அந்தப் படிப்பு வேண்டும். ஆனால் ஒன்றைக் கற்க இன்னொன்றை ஏன் அழிக்க வேண்டும்? 2001இல் பப்புன்யா பள்ளியின் புத்தகம் ஒன்று வெளிவந்தது. தங்கள் மண்ணின் வரலாற்றை, படமும் எழுத்துமாகப் பள்ளியே சேர்ந்து செய்த புத்தகம் அது. படத்தோடு படிப்பும் வளரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. உடும்பு எல்லோருக்கும் பொது. உடும்பின் கதை பொது அல்ல. எந்தப் படத்தை யார் வரையலாம் என்று சொல்லும் உரிமை குலப் பெரியவர்களுக்கே உண்டு. பப்புன்யாவின் முதல் ஓவியங்கள் சிலவற்றில் எல்லோரும் பார்க்கக் கூடாத குறிகள் இருந்தன. மற்றக் குலத்தார் வருந்தினார்கள். பிறகு ஓவியர்கள் அந்தக் குறிகளைத் தவிர்த்தார்கள். 1966இல் வந்த ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலாங்கி என்னும் பூர்வகுடி ஓவியரின் படத்தை அவரைக் கேட்காமலே அச்சடித்தார்கள்! பின்னரே அவருக்குப் பணமும் பதக்கமும் கொடுத்தார்கள். கேட்டுச் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆகவே, உனக்குப் பிடித்த விலங்கை உன் குல விலங்கு என்று வரை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது பாடம் ஆகாது. பெரியவர்களை வகுப்புக்கு அழைக்க வேண்டும். மற்ற ஆசிரியர்களைப்போல் அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் விழாவுக்கு அலங்காரமாக அல்ல, வாரந்தோறும் பாட அட்டவணையில் அந்த நேரம் இருக்க வேண்டும்.

பிள்ளை வரைந்த எறும்பு பள்ளிச் சுவரில் இருக்கட்டும். இனி அதன்மேல் யாரும் வண்ணம் பூச வேண்டாம்.