விடை தெரிஞ்ச பரிசோதனைக்கு ஏன் ஆய்வுகூடம்?

அம்மம்மா விரல் நுனியில குத்தி 'சீனி' பார்க்கிற மெஷின் எங்களில் பலரின் வீட்டில் இருக்கிறது. அதில் செருகும் சின்னப் பட்டியில் நடப்பது புரத மின்னிரசாயனம். இரத்தத்திலுள்ள குளுக்கோஸிடமிருந்து ஒரு நொதியம் இலத்திரன்களைப் பறிக்கிறது, அவை மின்வாய்க்குப் போய்ச் சேர்கின்றன, அந்த மின்னோட்டம் திரையில் இலக்கமாகிறது. கலைப்பீடத்துக்காரருக்கு உதில என்ன வேலை எண்டு கேட்பீர்கள். இருக்கு.

எங்கள் அறையில் இரசாயனம் படிக்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவளுக்கு வந்த வரைபு புத்தகத்தில் இருந்ததுபோல வரவில்லை. மேற்பார்வைக்கு நின்றவர் சொன்னது: "சீனியரின்ட ரெக்கோட்டைப் பார்த்து எழுதும்." உண்மையான ஆய்வு நாலாம் ஆண்டுக்கு, அதுவும் பெரும்பாலும் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களுக்கு. மூன்று வருடத்தில் வெளியேறுகிறவர்கள் விடை தெரியாத ஒரு கேள்வியைக்கூடத் தொடாமல் போய்விடுகிறார்கள்.

கேட்டால், "பொடியளுக்கு அடிப்படையே காணாது" என்பார்கள். இதே மாதிரியான ஒரு தீர்ப்பு புரதங்களுக்கும் இருந்தது. சைற்றோகுரோம் சி நம் கலங்களில் இலத்திரன் காவுகிற புரதம். வெறும் தங்க மின்வாயில் அது ஒட்டி, உருக்குலைந்து, ஒழுங்காக வேலை செய்யாது. புரதம் பெரிசு, மின்வாயோடு நேரடியாகப் பேசாது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1977இல் ஒக்ஸ்போர்ட்டில் எடோஸும் ஹில்லும் கரைசலில் பைபிரிடில் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்தார்கள். அது தங்கத்தின் மேல் மெல்லிய படையாகப் படிந்தது. இலத்திரன்கள் போகத் தொடங்கின. அதே ஆண்டு யேயும் குவானாவும் இந்தியம் ஒட்சைட்டு மின்வாயில் அதைச் செய்து காட்டினார்கள். புரதத்தில் பிழை இருக்கவில்லை. மேற்பரப்பில்தான் இருந்தது.

அந்த ஒக்ஸ்போர்ட்டில் இரசாயனம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் நாலாம் ஆண்டு முழுக்க ஆய்வுதான். அமெரிக்காவில் 1987இலிருந்து தேசிய விஞ்ஞான நிறுவனம் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் காசு கொடுத்து, கோடை விடுமுறையில் ஆய்வுகூடங்களில் வேலை செய்ய விடுகிறது. நாங்கள் விடுமுறையில் போட்டோகொப்பிக் கடையில நிக்கிறோம்.

காசில்லை என்பது பாதி உண்மை. புரதம் வாங்கவேணும், குளிரில் வைக்கவேணும், கரண்ட் போகாமல் இருக்கவேணும். ஆனால் இந்தத் துறையின் அடிப்படைக் கருவி, மின்வாயின் அழுத்தத்தைப் பிடித்து வைத்து ஓட்டத்தை அளக்கிற பொட்டென்சியோஸ்டாட். அதை 80 டொலருக்குள் செய்யும் வரைபடத்தை 2011இலேயே கலிபோர்னியாவில் இருந்து இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். ஒரு பௌதிகவியல் மாணவரும் ஒரு இரசாயன மாணவரும் சேர்ந்தால் முயன்று பார்க்கலாம். சேர விடுவது யார்?

விஞ்ஞானபீடத்தை மட்டும் குத்திவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. எங்கட பக்கத்தில் ஆய்வேடு என்பது முந்தின பட்ச்காரரின் முன்னுரையில் ஊர்ப் பெயரை மாத்துவது. கள ஆய்வுக்குப் போய் எதிர்பார்க்காத பதில் வந்தால் அந்தப் படிவத்தைத் தூக்கிப் போடுகிறோம். பிறகு என்ன ஆய்வு?

இரண்டாம் ஆண்டிலேயே, பொதுப் பட்டத்துக்காரர் உட்பட எல்லோருக்கும், விடை இல்லாத ஒரு கேள்வி தாருங்கள். பிழைத்துப்போன பெறுபேற்றை ஏன் பிழைத்தது என்று எழுதினால் அதற்கும் புள்ளி போடுங்கள்.

தோழி அன்றைக்கு ரெக்கோட்டைப் பார்த்து எழுதி நல்ல புள்ளி எடுத்தாள். அந்தக் கோடு ஏன் அப்பிடி வந்தது எண்டு அவளுக்கு இண்டைக்கும் தெரியாது.