நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா?

எங்கள் கீரனூரில் யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்துவிட்டால் போதும், புதுக்கோட்டை பஸ்ஸில் ஒரு பட்டாளமே ஏறிவிடும். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், கூடவே மூக்கு ஒழுகும் வாண்டு ஒன்று. போனதும் கட்டிலிலேயே உட்கார்ந்து, பிள்ளைக்கு ஆளுக்கொரு முத்தம்! ஆசைதான். ஆனால் சகோதரிகளே, ஆஸ்பத்திரிக்குப் போன நோய் ஒன்று, அங்கே ஒட்டிக்கொள்ளும் நோய் வேறொன்று என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

வாணியம்பாடியில் நடந்ததைக் கேளுங்கள். 2022-23-ல் அந்தப் பக்கத்தில் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுதல். மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் சுகாதாரத் துறையினரும் துருவிப் பார்த்தால், 21 நோயாளிகளில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள்! அவர்களில் 8 பேர் இறந்தே போனார்கள். விசாரணை போய் நின்ற இடம் ஒரு சலைன் பாட்டில். அறுவைக் கருவியாலேயே அதைத் திறப்பதும், மிச்சத்தை லேசாக மூடிவைத்து அடுத்தவருக்கு ஊற்றுவதுமாக இருந்திருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி அது. மிச்சம் பிடிப்பது ரசத்துக்குச் சரி, சலைனுக்கு ஆகுமா?

1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்துக்கொண்டிருந்த தாய்மார்கள், அடுத்த வருஷமே ஒன்றிரண்டாகக் குறைந்தார்கள். மற்ற டாக்டர்களுக்கு வந்ததென்னவோ கோபம்தான்!

ஆகவே நாமும் பிள்ளையைத் தொடுமுன் வளையலை மேலே தள்ளி, மோதிரத்தைக் கழற்றி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளை எங்கே ஓடிவிடப் போகிறது? ஊசியையும் மருந்தையும் கண் முன்னே பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். "சிஸ்டர், இது புதுசுதானேம்மா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் யாரும் கடித்துவிட மாட்டார்கள். டிரிப்ஸ் ஏற்றின இடம் சிவந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லிவிடுங்கள்.

துணைக்கு இருப்பவர்களுக்கு இன்னொன்று. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருந்தால், நோயாளியை நடக்க வைக்கும்போது பையை உயரத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே இறங்கும். இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படாமல். டியூப் இனியும் வேண்டுமா என்று டாக்டரைத் தினம் ஒரு தடவை கேளுங்கள். ஒவ்வொரு நாள் கூடுதலாக இருப்பதும் கிருமிக்கு வழி விடுவதுதான்.