கட்டு உடையுமுன்

1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது, ஓரிடத்து நலிவு ஊர்களையே அழிக்கும் என்பதைத் திருகோணமலை மாவட்ட விவசாயிகள் கண்டனர். கணினிக்கும் அதுவே விதி.

விண்டோஸ் இயங்குதளத்தின் கர்னல் எனும் கருப்பகுதியில், வலையமைப்பு வழியே கோப்புப் பகிரும் இடத்தில், ஒரு கணக்குப் பிழை இருந்தது. ஒதுக்கிய நினைவகம் சிறிது. எழுதப்பட்ட தரவோ பெரிது. வரம்பு மீறிய தரவு அயல் நினைவகத்திற் பாய்ந்தது. அவ்வழியே அயலான், கடவுச்சொல்லின்றியே, தன் கட்டளையைக் கருவில் நடத்த முடிந்தது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் இதனை அறிந்தும் மறைத்துத் தன் ஆயுதமாக்கியது. 2017 மார்ச் 14இல் மைக்ரோசொப்ற் திருத்தம் வெளியிட்டது. களவுபோன அவ்வாயுதம் ஏப்ரலில் அம்பலமாயிற்று. திருத்தத்தை இடாதிருந்த பிரித்தானிய மருத்துவமனைகள் பல மே 12இல் முடங்கின. யூன் 27இல், இவ்வழியையும் பயன்படுத்தி உக்ரேனிற் கிளம்பிய கேடு, மும்பையின் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கொள்கலன் முனையத்தையும் நிறுத்தியது.

நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அத்துமீறிப் புகுந்தவனைத் தண்டிக்கும். ஆனால் தண்டனை, நின்ற கப்பலை நகர்த்தாது. பிறர் பொருளைப் பொறுப்பேற்றவன் அதைக் கவனமாகக் காக்கக் கடமைப்பட்டவன் என்பது சட்டத்தின் பழைய நெறி. மக்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் அரச அலுவலகத்துக்கும் அந்நெறி பொருந்தாதா?

ஆகவே நாம் கேட்பது இது: துறைமுகம், மருத்துவமனை, கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும் திருத்தங்களை உரிய நாளில் இடும் பொறுப்பு, பெயர் குறித்த ஓர் அலுவலரிடம் இருத்தல் வேண்டும், இட்ட நாள் பதிவாதல் வேண்டும், எச்சரிக்கை தமிழிலும் காலந்தாழாது வருதல் வேண்டும். இது சலுகையன்று; வரி செலுத்துவோரின் உரிமை.