கடைசிச் சுவிட்சுக்கும் காவல் வேண்டும்

2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. 2025 பிப்ரவரியில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் தரவு நிலையங்களுக்கும் மேகச் சேவைகளுக்கும் வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த அக்கறை காத்தோங் கடைவீடுகள் வரை இறங்கி வரவேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டிலோ ஜூ சியாட்டிலோ ஒரு மருந்தகத்திலும் துணைப்பாட நிலையத்திலும் பணம் வாங்கும் கருவி, கேமரா, வைஃபை எல்லாம் மேசைக்கடியில் கிடக்கும் சிறு வலையமைப்புச் சுவிட்சையே நம்பியிருக்கின்றன. ஒரு முனை சுவிட்சில் இருக்க, தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளின் மறுமுனையை யாரோ நல்லெண்ணத்தோடு அதே சுவிட்சின் காலியான துளையில் செருகிவிட்டால் போதும், சில நொடிகளில் எல்லாம் நின்றுபோகலாம்.

காரணம், இந்தச் சுவிட்சுகள் பயன்படுத்தும் ஈதர்நெட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இணையப் பொட்டலத்தில் ஓர் எண் உண்டு. ரூட்டர் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலம் கைவிடப்படும். ஈதர்நெட்டில் செல்லும் தரவுத்துண்டான ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் வரம்பு கிடையாது. எல்லாருக்கும் என்று வரும் பிராட்காஸ்ட் ஃபிரேமை, வந்த துளை தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் சுவிட்ச் நகலெடுத்து அனுப்பும். இணைப்பில் வளையம் இருந்தால் நகல் சுற்றி வந்து மறுபடி பெருகும், ஓய்வே இல்லாமல். இதற்கு விடையாக டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்ததுதான் ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறிமுறை. சுவிட்சுகள் இரண்டு நொடிக்கொரு முறை சிறு செய்தி பரிமாறி, தங்களுக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்குச் செலவு குறைந்த வழியை மட்டும் திறந்துவைத்து, மிகுதி இணைப்புகளை அடைக்கின்றன. திறந்த வழி அறுந்தால் அடைத்தது திறக்கும்.

இதை நம்பலாமா என்று கேட்பவர்கள் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையைக் காட்டுவார்கள். 2002 நவம்பரில் அங்கே ஸ்பானிங் ட்ரீ இருந்தும் வலையமைப்பு விழுந்தது. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். ஆனால் அங்கே வலையமைப்பு, நெறிமுறைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு சுவிட்ச் ஆழத்தையும் தாண்டி, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்தது. காவல் இருந்தது, கண்காணிப்பு இல்லை. அதே கவனக்குறைவு சிறிய இடத்திலும் நடக்கும். எல்லாச் சுவிட்சிலும் வேரைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே விட்டுவைத்தால், குறைந்த முகவரி எண் கொண்டது வேராகிவிடும். பெரும்பாலும் அது மூலையில் கிடக்கும் பழைய பெட்டிதான்.

வழி மாற 30 முதல் 50 நொடி ஆகிறது என்பது பழைய குறை. 2001இல் வந்த ஸ்பானிங் ட்ரீயின் விரைவு முறை நேரடிச் சுவிட்ச் இணைப்புகளில் பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடித்துவிடுகிறது. பெரிய தரவு நிலையங்கள் வேறு முறைகளுக்குப் போய்விட்டன என்பதும் உண்மை. மூன்று சுவிட்ச் வைத்திருக்கும் மருந்தகத்துக்கு அவை தேவையில்லை. விலைதான் நியாயமான தடை. மலிவான சுவிட்சுகள் பலவற்றில் இந்த நெறிமுறை கிடையவே கிடையாது. ஆனாலும் ஒருநாள் கல்லாவும் நோயாளிப் பதிவும் நின்றால் ஆகும் இழப்பை அந்த விலை வித்தியாசத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஆணையம் சிறுதொழில்களுக்கென ஒரு பக்கக் குறிப்பு வெளியிடட்டும். அதில் முதல் வரியாக, கேபிள் போடுபவர் வேலையை ஒப்படைக்கும்முன் கடைக்காரர் கண்ணெதிரே ஒரு கேபிளின் இரு முனையையும் அதே சுவிட்சில் செருகி, எதுவும் நின்றுபோகவில்லை என்று காட்டவேண்டும் என்று இருக்கட்டும்.