ஞாபகம் இல்லாத 25%

பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கு வழக்கமா ஒரு வருத்தமும் தெரியாது. ஆனா தாய், தகப்பன் ரெண்டு பேரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு 25%.

“மூத்ததுக்கு வந்திட்டுது, இனி மூண்டு பிள்ளைக்குப் பயமில்லை” எண்டு நினைக்கிறது பிழை. ஜியோமெட்ரிக் டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த கருவுக்கும் அதே 25%தான்.

முதல் பாதிப்பு சராசரியாக நாலாவது கருவில் என்று கணக்கு வரும். அந்தச் சராசரிதான் ஆளை ஏமாத்தும். 0.75ஐ மூன்று தடவை பெருக்கி 1இலிருந்து கழியுங்கோ (போன் கால்குலேட்டரே போதும்): மூன்று பிள்ளைகளில் ஒருவருக்காவது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 58%.

டாக்டர்கள் “நாலில் ஒன்று” என்பதோடு நிறுத்தாமல், இந்த 58%ஐயும் சொல்ல வேணும். கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிற நேரம், ரெண்டு பேரும் ஒருக்கா இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கோ.