ஜாதகத்தோடு ஒரு தாளும்

வீட்டில் பெண்பிள்ளை வெளிறி இருந்தால் "ரத்தம் செத்துப் போச்சு" என்பார் அம்மா. மறுநாளே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி. அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவுதான்.

ஆனால் எல்லாச் சோகையும் கீரைக்கு அடங்காது. என் அக்காள் பேத்தியைத் தாய்மாமன் மகனுக்குத்தான் கொடுத்தோம். முழுகாமல் இருந்தபோது ஹீமோகுளோபின் 9. மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. "மாத்திரையைத் தூக்கி எறிகிறாள்" என்று வீட்டில் ஏச்சு வேறு. பிறகு ஒரு டாக்டரம்மா, சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதைக் கவனித்து வேறு பரிசோதனை எழுதினார். தலசீமியா மைனர் என்று வந்தது. அதாவது அவள் நோயாளி அல்ல, நோயின் மரபணுவைச் சுமப்பவள்.

உடனே கணவனுக்கும் பரிசோதனை. முடிவு வரும்வரை நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்குக் கடும் நோய் வர வாய்ப்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும். சொந்தத்தில் கொடுத்து வாங்கினால் இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல். நல்லவேளை, பையனுக்கு இல்லை.

அரிவாள் செல் சோகையும் இதே கணக்குதான். இந்தியாவில் அதை முதலில் கண்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952இல். 2047க்குள் அதை ஒழிக்க 2023இல் மத்திய அரசு திட்டம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் பரிசோதித்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் மலைக்காரர் நோய், நமக்கென்ன என்று கீழே இருப்பவர்கள் உட்கார்ந்திருக்க முடியாது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நாட்டில் 100க்கு மூன்று நான்கு பேர்.

பேரன் பேத்திகளுக்கு வரன் பார்ப்பதில் நமக்கு இன்னும் சொல் உண்டு. பத்துப் பொருத்தம் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ரத்தப் பரிசோதனைத் தாளும் இருக்கட்டும், இரண்டு பக்கத்திலிருந்தும். பெண்ணிடம் மட்டும் கேட்பது அநியாயம். கல்யாணத்தை நிறுத்த அல்ல. தெரிந்துகொண்டால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே டாக்டரிடம் வழி கேட்கலாம்.

முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: ஒரு தாள் குறைந்தால் பின்னால் எத்தனை பேர் அலைய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.