பண்டிதர் கையெழுத்தும் பாமரர் இரத்தமும்

எந்த நாட்டில் யுத்தம் மூண்டாலும் அதற்கு வியாக்கியானம் கூறப் பேராசிரியர்கள் முன்வருகிறார்கள். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் நீண்டிருந்தால் அவர் வாக்கை வேதவாக்காகக் கொள்ளும் வழக்கம், தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவரிடையே மிகுந்திருக்கிறது. புரோகிதன் சொல்லை ஆராயாமல் நம்பற்க என்று கூறும் நாம், பட்டதாரியின் சொல்லை மட்டும் ஆராயாமல் நம்பலாமா?

முதலாவது உலக மகாயுத்தத்தைப் பாருங்கள். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மன் சேனை, நடுநிலை நாடாகிய பெல்ஜியத்தினுள் புகுந்தது. லூவேன் நகரின் சர்வகலாசாலைப் புத்தகசாலை, இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட நூல்களோடு தீக்கிரையாயிற்று. நகரமக்களில் 200-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபர் மாதத்தில் ஜெர்மனியின் கலைஞரும் விஞ்ஞானிகளுமாக 93 பேர் உலகத்திற்கு ஓர் அறிக்கை விடுத்தனர். யுத்தம் மூண்டது ஜெர்மனியின் குற்றமன்று, லூவேனில் நம் படையினர் கொடுமை புரியவில்லை என்று அதில் சாதித்தனர். எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜனும், பௌதிக மேதை பிளாங்கும் அதில் கையெழுத்திட்டவர்களே. அறிக்கையின் வாசகத்தைக்கூடப் பாராமல் பெயர் கொடுத்தவர்களும் அவர்களுள் உண்டு! சோதனைச்சாலையில் தராசு முள் நூலளவு அசைந்தாலும் மறுமுறை நிறுத்துப் பார்க்கும் மேதைகள், மனித உயிர்களைப் பற்றிய விஷயத்தில் சாட்சி தேடினார்களில்லை.

கையெழுத்திட்டவருள் ஒருவர் ரசாயனப் பேராசிரியர் ஹேபர். 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே எதிரிப்படைமீது குளோரின் விஷவாயு விடப்பட்டது அவர் மேற்பார்வையில்தான். அவருக்கே 1918-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிட்டியது. அது விஷவாயுவுக்கன்று, அம்மோனியாவை ஆக்கும் முறைக்காக. ஒரே மூளை பயிருக்கு உரமும் தந்தது, உயிருக்கு நஞ்சும் தந்தது.

ஜெர்மானியர் மட்டுமா இப்படி? ஆக்ஸ்போர்டு சரித்திர ஆசிரியர்கள் 1914-லேயே பிரிட்டனின் கட்சிக்கு நூல் எழுதி உதவினர். யுத்தத்தை எதிர்த்த ரஸ்ஸலைக் கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரி 1916-இல் உபந்நியாசகர் பதவியினின்று விலக்கிற்று. கல்விக்கூடமும் பாசறையும் ஒன்றாயின. நான்காண்டுகளில் மாண்ட போர்வீரர் சுமார் 90 லட்சம். அவர்களுள் பெரும்பாலார் உழவரும் தொழிலாளருமே.

அப்படியானால் கற்றவர் சொல்லைத் தள்ளிவிட்டுக் காப்பிக்கடை வம்பைக் கொள்வதா என்று சிலர் கேட்பர். அன்று. 93 பேருக்கு மறுப்பாக நிக்கொலாய் என்னும் வைத்தியப் பேராசிரியர் ஓர் அறிக்கை எழுதினார். ஐன்ஸ்டைன் உட்பட மூவரே உடன் ஒப்பமிட்டனர். அந்த நால்வரும் கற்றவர்களே. எண்ணிக்கை 93-இன் பக்கம். நியாயமோ நால்வர் பக்கம்.

ஆகவே தோழர்களே, யுத்தத்தைப் பற்றி நிபுணர் பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர் சொல்வதற்குச் சாட்சி என்ன? தம் சர்க்காருக்குக் கசப்பான உண்மையை இவர் என்றேனும் சொன்னதுண்டா? யுத்தத்தின் பலனை அனுபவிப்பவன் யார், விலை கொடுப்பவன் யார்? இவற்றுக்கு விடை தருபவரை வணங்கிக் கேட்போம். தராதவர் எத்தனை பட்டம் பெற்றவராயினும், அவர் புதுச் சட்டை அணிந்த பழைய புரோகிதரே!